மூன்றாம் தொட்டியின் பாசி

இருபத்தாறு வருடம் ஒரு பொருளை ஒழித்துக்கட்டுவதற்காகச் சம்பளம் வாங்கியவரிடம், இருபத்தேழாம் வருடம் அதையே ஊட்டி வளர்க்கும்படி உத்தரவு போட்டால் அவர் என்ன செய்வார்? தேதி போட்டுக் கையெழுத்திட்டு உத்தரவை வாங்கிக்கொள்வார். அப்படித்தான் வாங்கிக்கொண்டார் பிரஷ்.

நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு அதுதான் பெயர். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரை யாரும் உபயோகித்ததில்லை. ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லித் தபால்காரர் தேடி வந்தபோது, அப்படி ஒருவரும் இங்கே கிடையாது என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார். இளையவர்களுக்கு அவர் பிரஷ் அண்ணன். தோளில் எப்போதும் ஓர் ஆள் உயரக் கைப்பிடி போட்ட பிரஷ் இருக்கும். இடது கையில் பிளீச்சிங் பவுடர் வாளி.

நிலையத்தில் நான்கு பெரிய வட்டத் தொட்டிகள். ஊர் முழுவதும் கழுவியது, துவைத்தது, இன்னபிற செய்தது எல்லாம் பல இடங்களில் பல பாடு பட்டு, கடைசியில் இந்தத் தொட்டிகளில் வந்து சற்று நேரம் அசையாமல் நிற்கும். கசடு அடியில் இறங்கிவிடும். தெளிந்த நீர் விளிம்பைத் தாண்டி, சுற்றியோடும் சிறு வாய்க்காலில் வழியும். அந்த வாய்க்காலில்தான் பிரச்சினை. வெயிலும் உண்டு, சத்தும் உண்டு, கேட்பாரும் இல்லை என்றால் பாசி சும்மா இருக்குமா? ஒரு வாரம் விட்டால் ஜமுக்காளம் விரித்ததுபோல் படர்ந்துவிடும்.

தினமும் காலை ஏழு மணிக்குப் பிரஷ் அதைத் தேய்க்க ஆரம்பிப்பார். பத்தரைக்கு நான்கு தொட்டிகளும் முடியும். கை கழுவி, பதிவேட்டில் ஒரே கையெழுத்தில் ஒரே வரி: "நான்கு தொட்டிகளும் தேய்க்கப்பட்டன. பாசி இல்லை."

அந்த நிலையத்தில் மெமோ வாங்காதவர் யாரும் இல்லை. வால்வைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியவர் வாங்கினார். மூடி வைத்துவிட்டுத் தூங்கியவரும் வாங்கினார். போதுமான அளவு மெமோ கொடுக்கவில்லை என்பதற்காக இன்ஜினியரே ஒருமுறை மேலிடத்தில் மெமோ வாங்கியதாகப் பேச்சு. வாங்காதவர் பிரஷ் ஒருவர்தான். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். விழா மேடையில் யாராவது எழுந்து, "இவர் ஒரு மெமோ கூட வாங்காத ஆள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. கழிவுநீரில் இருபத்தேழு வருடம் நின்றவரைப் பற்றி மேடையில் வேறு என்னத்தைச் சொல்ல முடியும்?

அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரம்மா வந்து சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். டாக்டர் என்றதும் முதல் வாரம் பம்ப் அறைக்காரர்கள் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டுப் போனார்கள். அவர் பாசிக்கு டாக்டர் என்று தெரிந்ததும் மரியாதை சற்றுக் குறைந்தது. கசடு காயவைக்கும் களத்துக்குப் பின்னால், ஓட்டப்பந்தயத் தடம்போல நீள்வட்டமாக ஒரு குளம் கட்டச் சொன்னார். ஆழம் முழங்காலுக்கும் கீழே. ஒரு பக்கம் துடுப்புச் சக்கரம் மெதுவாகச் சுற்றி நீரை நகர்த்திக்கொண்டே இருக்கும். அதில் பாதி சுத்தமான கழிவுநீரை விட்டு, ஆய்வகத்தில் வளர்த்த பாசியை விதைத்தார். கழிவுநீரில் இருப்பதை எல்லாம் பாசி தின்னும். தண்ணீரும் சுத்தமாகும், பாசியும் கொழுக்கும். கொழுத்ததை வழித்தெடுத்து, ஆள் உயர இரும்புக் குக்கரில் போட்டு, முந்நூறு டிகிரியில் அழுத்தி வேகவைத்தால் கறுப்பாக, கெட்டியாக ஓர் எண்ணெய் வரும். பூமிக்கடியில் எத்தனையோ கோடி வருடம் கிடந்து ஆவதை, குக்கர் அரை மணி நேரத்தில் செய்துவிடும். அதைச் சுத்திகரித்தால் வண்டி ஓட்டலாம்.

இந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். இன்ஜினியர் நீண்ட யோசனைக்குப் பிறகு, பாசி விஷயத்தில் இங்கே அனுபவம் உள்ளவர் ஒருவர்தான் என்று பிரஷ்ஷை அனுப்பினார். தூக்குப் போடுகிறவருக்கு மனிதக் கழுத்தைப் பற்றி நல்ல அனுபவம் என்று சொல்லிக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை கொடுத்ததுபோல. காலையில் தொட்டிகளில் பாசியைக் கொல்வது, பதினொரு மணிக்குமேல் குளத்தில் பாசியை வளர்ப்பது என்று வேலை பிரிந்தது. முதல் இரண்டு நாள் குளக்கரையில் நின்றபோது அவருக்குக் கை துறுதுறுவென்று வந்தது. பிரஷ்ஷைக் கொண்டுபோய் எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் நிதானத்துக்கு வந்தார்.

அவர் மனைவி மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காருகிறவர். இருபது வருடம் ஊர்க்காரர்களின் கோபத்தைக் காகிதத்தில் வாங்கிப் பழகியவர் என்பதால் எதற்கும் வியக்கமாட்டார். ஒரு வாரத்தில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று கேட்டார். அரை பாட்டில் என்றார் பிரஷ்.

"ஊரே சேர்ந்து போனதுக்கு அரை பாட்டிலா?"

"எல்லாரும் போனதும் இந்தக் குளத்துக்கு வராது. ஒரு குழாய்தான்."

"அப்போ அந்தக் குழாய் எந்தத் தெருன்னு சொல்லுங்க. அவங்களுக்கு ஒரு நன்றிக் கடுதாசியாவது போடலாம்."

ஆனாலும் மூன்றாம் மாதம் பிரஷ்ஷின் மனது மாறியிருந்தது. குளம் நல்ல கரும்பச்சையாகத் திரண்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் சத்தமாகப் பேசுவார். வெளிறிப்போயிருந்தால் கதவைத் திறக்கும்போதே மனைவிக்குத் தெரிந்துவிடும்.

இந்த நிலையில், திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற குழு பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் திருப்தியானால் ஒரு குளம் ஆறு குளமாகும். இல்லையென்றால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு டாக்டரம்மா ஊர் போய்ச் சேரவேண்டியதுதான்.

பார்வை என்றால் அந்த நிலையத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தார்கள். ஓடாத பம்புக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். பாதைகளின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை வெளேரென்று பிளீச்சிங் பவுடர் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைப் பிசிறில்லாமல் போடுவதில் பிரஷ்ஷை மிஞ்ச ஆள் கிடையாது. குளத்தைச் சுற்றியும் அவர்தான் போட்டார். கரை அகலமாகவும் பார்வைக்கு முக்கியமான இடமாகவும் இருந்ததால் அங்கே மட்டும் இரண்டு கோடு.

மத்தியானம் தோட்டக்காரர், தூசி கிளம்பக்கூடாது என்று கரை முழுவதையும் குழாய் வைத்துக் கழுவிவிட்டார். கோடு கலைந்துவிட்டதே என்று பிரஷ் மறுபடியும் போட்டார். தோட்டக்காரர் மறுபடியும் கழுவினார். இரண்டு கடமை வீரர்களும் சாயங்காலம் ஐந்து மணிவரை இப்படியே கடமையைச் செய்தார்கள்.

மறுநாள் காலை குளத்தின் அடித்தளத்தில் மேஸ்திரி கரண்டியால் இழுத்த தடம் வரை தெரிந்தது. அத்தனை தெளிவு. சக்கரம் மட்டும் எதுவும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

நிலையத்தில் அந்தத் தண்ணீரைப் பார்த்த பழைய ஆட்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றியது பெருமைதான். தெளிந்த நீரைக் கண்டால் சந்தோஷப்படும்படியே அவர்கள் உடம்பு பழகியிருந்தது. பிரஷ்ஷுக்கும் ஒரு வினாடி அப்படித்தான் இருந்தது. அடுத்த வினாடி, நேற்றுப் போட்ட பவுடர் முழுவதும் குழாய்த் தண்ணீரோடு எங்கே இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டார்.

டாக்டரம்மா வந்தார். மோந்து பார்த்தார். கரையில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"இன்னைக்குப் பார்வைன்னு சொன்னாங்களே மேடம்," என்றார் பிரஷ். "எப்பவும் போடறதுதான்."

மெமோ வரும் என்று அன்று முழுவதும் காத்திருந்தார். வரவில்லை. பார்வைக்கு ஏற்பாடு செய்தவர்களில் இன்ஜினியரும் உண்டு, சுண்ணாம்பு அடித்தவரும் உண்டு, கழுவியவரும் உண்டு. எல்லோரும் சேர்ந்து செய்துவிட்டால் அதற்குத் தவறு என்று பெயர் கிடையாது, நடைமுறை. போதாக்குறைக்குக் குழுத் தலைவருக்குப் பல்வலி வந்து பார்வை மூன்று வாரம் தள்ளிப்போனது.

மூன்று வாரம் போதாது என்றார் டாக்டரம்மா. ஆய்வகத்தில் விதைப்பாசி ஒரு குடுவை இருக்கிறது. அது குடுவையிலிருந்து வாளி, வாளியிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து குளம் என்று பெருக இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் குழு வந்து வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போய்விடும். அவர் சொல்லச் சொல்லப் பிரஷ் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓர் இடம் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்றாம் தொட்டியில் இரும்புப் படிக்கட்டு வந்து இறங்கும் இடத்துக்கு அடியில், இரண்டு முழ நீளத்துக்கு வாய்க்கால் மறைந்துபோகும். காலை வெயில் சாய்வாக உள்ளே விழும். ஆனால் தேய்க்கும் பிரஷ் அங்கே நுழையாது. வேலைக்கு வந்த நான்காம் வருடம், கவிழ்ந்து படுத்துத் தேய்க்கப் பார்த்து, படிக்கட்டின் கீழ்க்கம்பியில் முன்பல் பாதி போனது. அன்றோடு அந்த இடத்தைத் தேய்ப்பதை விட்டுவிட்டார். ஒரு கைப்பிடி பவுடரைத் தூக்கிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பதிவேட்டில் மட்டும் "பாசி இல்லை" என்று எழுதுவார். அங்கே பாசி இருந்தது. தினம் ஒரு கைப்பிடி விஷத்தைத் தின்றுகொண்டே இருபத்திரண்டு வருடமாக இருந்தது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் வீட்டிலிருந்து நீளக் கரண்டி ஒன்றை எடுத்துப் போனார். எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, திரும்பி வராது என்று மட்டும் சொன்னார். பல் போன அதே இடத்தில் மறுபடி கவிழ்ந்து படுத்து, மீதி முகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, முக்கால் வாளி வழித்தெடுத்தார்.

எங்கே கிடைத்தது என்று டாக்டரம்மா கேட்டார். இங்கேதான், பக்கத்தில்தான் என்றார். டாக்டரம்மா நுண்ணோக்கியில் வைத்து இரண்டு முறை பார்த்தார். அவருடைய ஆய்வகப் பாசி தனித்தனியாக மிதப்பது. அதை நீரிலிருந்து பிரிக்க யந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும். இது கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருந்தது. சக்கரத்தை நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் தானாகவே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. குளத்து நீரை இறக்கிவிட்டுப் புது நீர் ஏற்றி இதை விதைத்தார்கள். அங்கங்கே ஒட்டியிருந்த பவுடர் எல்லாம் இதற்குத் தூசு. எட்டாம் நாள் பச்சை. பதினைந்தாம் நாள் கரும்பச்சை. பதினேழாம் நாள் குக்கர் முக்கால் பாட்டில் கொடுத்தது.

குழு வரும்போது பவுடர் அறையைப் பூட்டிச் சாவியை இன்ஜினியரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பல் சரியான தலைவர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு, எதிலிருந்து வந்தது என்று ஞாபகம் வந்ததும் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அந்த எண்ணெயில் ஓர் அடுப்பு எரிந்ததைப் பார்த்தார். திருப்திதான். ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் பாசி எங்கிருந்து வந்தது என்று எழுத்துமூலம் வேண்டும். நாளைக்கு எவனாவது இது எங்கள் பாசி என்று வந்து நிற்கக்கூடாது.

டாக்டரம்மா வந்து கேட்டார். சாக்கடையில் எதுதான் இல்லை என்று பிரஷ் பேச்சை மாற்றினார். மறுநாளும் கேட்டார். அப்போதும் மாற்றினார். மூன்றாம் நாள் டாக்டரம்மா பதிவேடுகளை அறையிலிருந்து இறக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க பதிவேட்டுப்படி இந்த நிலையத்துல பாசியே கிடையாதுண்ணே. இருபத்தாறு வருஷமா."

பிரஷ் வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி முழுவதும் கேட்டார். தேய்க்காததைத் தேய்த்ததாக எழுதியது ஆறாயிரத்துச் சொச்சம் நாள். ஓய்வுக்கு நாலு மாதம். மெமோ நிச்சயம், அதுவும் சாதாரண மெமோ இல்லை. ஜன்னலில் உட்கார்ந்தவரின் அறிவு முழுவதையும் திரட்டி அவர் ஒரே வார்த்தை சொன்னார்.

"வாயால எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுங்க. எழுதி மட்டும் குடுத்துடாதீங்க."

பிரஷ்ஷும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு நாலு மாதத்தைத் தள்ளிவிடுவது. டாக்டரம்மா நல்லவர், வற்புறுத்தமாட்டார். அப்படியே ஆயிற்று. அவர் வற்புறுத்தவில்லை. தனக்குத் தெரிந்த அளவில் ஓர் அறிக்கை தயாரித்து, அனுப்புவதற்குமுன் பார்த்துவிடுங்கள் என்று பிரஷ்ஷிடமே கொடுத்தார். குழு ஒப்புக்கொள்ளாது, ஆனாலும் வேறு வழியில்லை என்றார்.

பிரஷ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இப்பாசி காற்றின் மூலம் தற்செயலாகக் குளத்தில் வந்து விழுந்திருக்கலாம்" என்று இருந்தது.

இன்னொரு முறை படித்தார்.

"காத்துலயா?"

"வேற என்னன்னு எழுதறது? நீங்க சொல்ல மாட்டேங்கறீங்க."

"மழை, குளிர் பார்க்காம இருபத்திரண்டு வருஷம் நான் பவுடர் போட்டிருக்கேன். காத்து என்ன பண்ணிச்சு?"

மெமோ வாங்காத ஆள் என்ற பெருமையை அதுவரை எந்த ஆசையும் அசைத்ததில்லை. இப்போது இன்னொரு பெருமை வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், பதிவேட்டில் எழுதும் அதே கையெழுத்தில் எழுதினார். மூன்றாம் தொட்டி, படிக்கட்டுக்கு அடியில். தேய்க்கப்படவில்லை. வேலை நாள் ஒன்றுக்குப் பவுடர் ஒரு கைப்பிடி, வாராந்திர விடுமுறை நீங்கலாக. இருபத்திரண்டு வருடம். பல் போன தேதியைக்கூடக் குறிப்பிட்டார். கடைசியில், வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும், ஒருவரும் உபயோகிக்காத அந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

டாக்டரம்மா படித்துவிட்டு, யோசித்துப் பாருங்கள், இது இன்ஜினியர் வழியாகத்தான் மேலே போகவேண்டும் என்றார். தெரியும் என்றார் பிரஷ்.

அறிக்கை மேலே போனது. ஒரு மாதத்தில் குழு ஒப்புதல் கொடுத்தது: ஆறு குளம், ஐந்து வருடம். தினமும் விஷம் வைத்தும் சாகாத பாசி என்பது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதாம். வேறு ஊர்களிலும் விதைக்கக் கேட்கிறார்களாம். அதே தபாலில் மேலிடத்திலிருந்து வேறு ஓர் உறையும் வந்தது; அதைப் பிரித்துப் பார்த்த இன்ஜினியர் பிரஷ்ஷைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே இன்ஜினியரின் கையெழுத்து.

"மெமோ குடுக்காம இருக்க முடியாதுண்ணே," என்றார் இன்ஜினியர். பிரஷ்ஷைவிட வயதில் சின்னவர். அன்றைக்குத்தான் முதல்முறை அண்ணே என்றார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நான் குடுக்கலைன்னா எனக்கு வரும்."

முதல் காகிதம் மெமோ. மூன்றாம் தொட்டியின் மேற்படி பகுதியை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேய்க்காமல், தேய்த்ததாகப் பொய்யாகப் பதிவு செய்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.

இரண்டாவது உத்தரவு. மூன்றாம் தொட்டியின் மேற்படி பகுதி இன்று முதல் பாதுகாக்கப்பட்ட விதைப்பாசி இடமாக அறிவிக்கப்படுகிறது; அதை எவரும் தேய்க்கக்கூடாது; தேய்த்தால் நடவடிக்கை எடுக்கப்படும்; இதற்குப் பொறுப்பாளர் மேற்படி ஊழியர்.

பிரஷ் இரண்டிலும் தேதி போட்டு வாங்கிக்கொண்டார். பவுடரும் போடக்கூடாதா என்று கேட்டார். அதைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லையே என்று இன்ஜினியர் திருப்பிப் பார்த்தார். பவுடரை நிறுத்தினால் அது சொகுசாகிவிடும் என்றார் பிரஷ். சரி, போடுங்கள் என்றார் இன்ஜினியர்.

விளக்கத்தை மனைவிதான் எழுதினார். எத்தனையோ பேருடைய விளக்கத்தை வாங்கியவர் என்பதால் எது செல்லும், எது செல்லாது என்று அவருக்கு அத்துப்படி. எழுதவேண்டாம் என்று நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நாலு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்திருக்கலாம். "மேற்படி பகுதியை அன்று தேய்க்காததற்கு வருந்துகிறேன். இன்று உத்தரவின்படி தேய்க்காமல் இருந்துவருகிறேன்" என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

பிரஷ் கேட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, பேனாவைக் கேட்டு, "வருந்துகிறேன்" என்பதன்மேல் ஒரு கோடு போட்டார்.

"அப்போ வாக்கியம் முடியலையே," என்றார் மனைவி.

"முடிய வேண்டாம். அவங்களுக்கு வேணும்னா முடிச்சுக்கட்டும்."

மனைவி இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து, அடித்தல் தெரியாமல் மறுபடி எழுத உட்கார்ந்தார்.